நாமம் சொல்லும் வாய்க்கு ஒரு விளக்கொளி

மனம், வாக்கு, காயம் என்னும் மூன்று கருவிகளாலும் இறைவனை வழிபட வேண்டும் என்பது பெரியோர் வகுத்த நெறி. முதுமை வந்தபின் காயம் தளர்கிறது. பிராகாரத்தைச் சுற்றி வர முழங்கால் இடம் கொடுப்பதில்லை. மலைக்கோயில்களுக்குக் கீழிருந்தே கைகூப்பித் திரும்புகிறோம். மனமோ எண்பது வயதிலும் பேரப்பிள்ளைகளின் கவலையில் அலைகிறது. மூன்றில் கடைசிவரை நம்மோடு உழைப்பது வாக்கு ஒன்றே. படுக்கையில் கிடந்தாலும் திருநாமத்தைச் சொல்லலாம். தேவாரத்தையோ பாசுரத்தையோ முணுமுணுக்கலாம். அந்த வாக்கு குடியிருக்கும் இடம் வாய். ஆனால் அன்பர்களே, உடலில் நாம் மிகக் குறைவாகக் கண்ணால் பார்க்கும் உறுப்பும் அந்த வாய்தான். நெற்றியில் நீறோ நாமமோ இடுவதற்கு நாள்தோறும் கண்ணாடி முன் நிற்கிறோம். வாயைத் திறந்து உள்ளே பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

இவ்வாரம் வாய்ப்புற்றைப் பற்றி எழுதுகிறேன். பக்தி இதழில் இஃது எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். இந்நோய் நம் வயதினரை நாடி வருவது. நம் வழிபாட்டோடு கலந்த ஒரு பழக்கத்தின் வழியே வருவது. வெறும் கண்ணாலேயே முன்கூட்டிக் கண்டுகொள்ளக் கூடியது. இம்மூன்று காரணங்களால் இதனை இங்கு எழுதுவதே முறை என்று கருதுகிறேன்.

எங்கள் மல்லாங்கிணறும் அதனைச் சூழ்ந்த காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளும் வானம் பார்த்த பூமி. பருத்தியும் சிறுதானியமும் விளையும் கரிசல் நிலம். வெயிலில் களையெடுக்கும் பெண்டிருக்கும், தறியில் அமரும் நெசவாளருக்கும் இடுப்புச் சுருக்குப்பையே துணை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, அவற்றோடு ஒரு துண்டுப் புகையிலை. இவற்றை மென்று கன்னத்தில் அடக்கிக்கொண்டால் பசியும் களைப்பும் தெரிவதில்லை. பல் விழுந்தபின் சிறு உரலில் இடித்துப் போட்டுக்கொள்வதும் உண்டு. இரவில் அதனை வாயில் அடக்கியபடியே உறங்குவோரும் உளர். இப்படி நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கன்னத்தின் ஒரே இடத்தில் அந்தச் சாறு ஊறிக்கொண்டிருந்தால், அவ்விடத்துத் தோல் என்ன ஆகும் என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

உலகச் சுகாதார அமைப்பைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் உதட்டிலும் வாயிலும் புற்று கண்டவர்கள் ஏறத்தாழ 3 லட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களுள் இந்தியர் மட்டும் 1 லட்சத்து 43 ஆயிரத்துக்கு மேல். அதாவது மூவரில் ஒருவருக்கும் மேலாக நம் நாட்டவர். அதே ஆண்டில் நம் நாட்டில் இந்நோயால் மாண்டவர் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர். வாய் திறந்தால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வரும் நோய்க்கு இத்தனை உயிர்கள் பலியாவது வருந்தத்தக்கது.

தாம்பூலமும் புகையிலையும்

வெற்றிலைப் பழக்கத்திற்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பு நேற்றுக் கண்டுபிடித்ததன்று. 1902ஆம் ஆண்டிலேயே சென்னையில் நிப்லாக் என்னும் அறுவை மருத்துவர் இதனைக் குறித்து எழுதினார். அன்றைய தென்திருவிதாங்கூரில், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரில், மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய ஓர் என்னும் மருத்துவர், தம்மிடம் வந்த வாய்ப்புற்று நோயாளிகளை ஆராய்ந்து 1933இல் இலண்டனின் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தமிழ் மண்ணில் கிடைத்த இச்சான்று உலக மருத்துவ நூல்களில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

புகையிலை சேர்ந்த வெற்றிலைதான் கெடுதல், வெறும் பாக்கால் தீங்கில்லை என்று நெடுங்காலம் நம்பினோம். 2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட நூல் அந்த நம்பிக்கையையும் மாற்றியது. புகையிலை சேராத தாம்பூலமும், கொட்டைப்பாக்கும் மனிதருக்குப் புற்றை உண்டாக்குவனவே என்று அது அறுதியிட்டது. பாக்கை இடைவிடாது மெல்வோருக்குக் கன்னத்தின் உட்தோல் நார்போல் இறுகிப்போகும். முதலில் காரம் தாங்காது. பிறகு வாய் முழுமையாகத் திறக்க வராது. இஃது இன்னும் புற்று ஆகாத நிலை. ஆனால் புற்றாக மாறக்கூடிய நிலை.

அப்படியாயின் பூஜையில் வெற்றிலை பாக்கு வைக்கலாகாதா என்று அன்பர்கள் கலங்க வேண்டியதில்லை. இறைவனுக்குத் தாம்பூலம் சமர்ப்பிப்பது உபசாரம். சுமங்கலிக்குத் தாம்பூலம் கொடுப்பது மரியாதை. திருமணத்தில் வெற்றிலை பாக்கு மாற்றுவது வாக்குறுதி. இவை எவற்றிலும் ஒரு துண்டைக் கன்னத்தில் நாள் முழுவதும் அடக்கிவைக்க வேண்டும் என்ற விதி இல்லை. மேலும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். புகையிலை நம் நாட்டுச் செடியே அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகச் சில நூற்றாண்டுகளுக்கு முன்னரே இங்கு வந்து சேர்ந்தது. நம் ஆலயங்கள் பலவும் அதற்கு முன்பே எழுந்தவை. அவற்றில் முதன்முதலாகத் தாம்பூலம் சமர்ப்பித்தவர்கள் புகையிலையின் பெயரையும் அறியார். எனவே புகையிலையை விடுவதால் எந்த ஆசாரமும் குறைவதில்லை.

வலி இல்லாத தொடக்கம்

இந்நோயின் சூழ்ச்சி, தொடக்கத்தில் வலியின்றி இருப்பதே. பெரும்பாலும் முதலில் தோன்றுவது ஒரு வெண்படலம். கன்னத்தின் உட்புறத்திலோ, ஈற்றிலோ, நாக்கின் விளிம்பிலோ பால் ஒட்டியதுபோல் வெள்ளையாகத் தெரியும். துணியால் துடைத்தாலும் போகாது. சிலருக்கு அது பட்டுப்போன்ற செம்படலமாக இருக்கும். வெள்ளையைக் காட்டிலும் சிவப்பே கூடுதல் கவனத்திற்குரியது. எல்லாப் படலமும் புற்றாவதில்லை. பல ஆண்டுகள் அப்படியே இருப்பனவும், பழக்கத்தை விட்டவுடன் மறைவனவும் உண்டு. எது மாறும், எது மாறாது என்பதை நாமே தீர்மானிக்க இயலாது என்பதால்தான் மருத்துவரிடம் காட்ட வேண்டியிருக்கிறது.

வேறு சில அறிகுறிகளும் உள. இரண்டு வாரங்கள் கடந்தும் ஆறாத வாய்ப்புண், காரணமின்றி ஆடும் பல், நேற்றுவரை பொருந்திய பல்செட் இன்று பொருந்தாமை, உதட்டிலோ நாக்கிலோ மரத்துப்போன உணர்வு, விழுங்குவதில் தடை, காதில் நோய் இல்லாதபோதும் காதுவலி, கழுத்தில் வலியற்ற கட்டி. இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் நாள் கடத்தலாகாது. சாதாரண வாய்ப்புண் எதுவும் இரண்டு வாரங்களுக்குள் ஆறிவிட வேண்டும். ஆறவில்லையென்றால் அதற்குரிய காரணத்தைத் தேட வேண்டும்.

எங்கள் தெருவில் எண்பது வயதை நெருங்கும் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். நாக்கின் ஓரத்தில் ஒரு புண் மூன்று வாரங்களாக இருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். மருத்துவரிடம் போகலாம் என்றதற்கு, “வலிக்கவே இல்லையே தம்பி, வலித்தால் போவோம்” என்றார். “வலி இல்லை என்பதால்தான் பெரியம்மா போகச் சொல்கிறேன்” என்றேன். அரைமனத்தோடு வந்தார். பல் மருத்துவர் பார்த்தார். உடைந்த பல் ஒன்றின் கூரிய முனை நாக்கில் உராய்ந்துகொண்டிருந்தது. அம்முனையைத் தேய்த்துச் சமன் செய்து, பத்து நாள் கழித்து மீண்டும் வரச் சொன்னார். புண் ஆறிவிட்டிருந்தது. காட்டும் புண்களில் பெரும்பாலானவை இப்படித்தான் முடிகின்றன. பரிசோதனை என்றவுடன் அஞ்சுவோருக்கு இதனை நினைவூட்ட விரும்புகிறேன். காட்டுவதால் நோய் வருவதில்லை, சந்தேகம்தான் போகிறது.

திருவனந்தபுரம் தந்த சான்று

முன்கூட்டிப் பார்ப்பதால் உண்மையிலேயே உயிர் பிழைக்கிறதா என்பது மருத்துவ உலகில் நெடுநாள் இருந்த வினா. அதற்கு விடை கிடைத்தது நமக்கு மிக அண்மையில், அனந்தபத்மநாபன் பள்ளிகொண்டிருக்கும் திருவனந்தபுரத்தில். அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையம், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்துடன் சேர்ந்து 1996இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 13 பஞ்சாயத்துகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 35 வயதும் அதற்கு மேலும் ஆன 1 லட்சத்து 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் அடங்கினர். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை நடந்தது. மற்றப் பாதிப் பேருக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டும் இருந்தது.

பரிசோதித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பட்டம் பெற்று, இப்பணிக்கெனப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். அவர்கள் கையில் இருந்தது ஒரு டார்ச் விளக்கு. வீடு வீடாகச் சென்று, வாயைத் திறக்கச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு பகுதியாகப் பார்த்து, விரலால் தொட்டுணர்ந்து, சந்தேகத்திற்கு இடமானவர்களை மருத்துவரிடம் அனுப்பினர். அவ்வளவே.

2005இல் அதன் முடிவு லான்செட் இதழில் வெளிவந்தது. புகையிலைப் பழக்கமோ மதுப் பழக்கமோ உள்ளவர்களிடையே, பரிசோதனை நடந்த ஊர்களில் வாய்ப்புற்று மரணம் மற்ற ஊர்களைக் காட்டிலும் 34 விழுக்காடு குறைவாக இருந்தது. 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013இல் மற்றொரு கட்டுரை வெளியிட்டனர். பழக்கம் உள்ளவர்களுள் நான்கு சுற்றுப் பரிசோதனைக்கும் தவறாது வந்தவர்களிடம் மரணம் 81 விழுக்காடு குறைந்திருந்தது. எப்பழக்கமும் இல்லாதவர்களிடம் இத்தகைய வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே இப்பரிசோதனை முதன்மையாக யாருக்கு வேண்டும் என்பது விளங்குகிறது. வெற்றிலை, பாக்கு, புகையிலை, பீடி, சுருட்டு, மூக்குப்பொடி, மது இவற்றுள் ஏதேனும் ஒன்றோடு பழகியவர்கள் முதல் வரிசையில் நிற்க வேண்டும்.

அந்த ஆய்வில் கவலை தரும் செய்தி ஒன்றும் உண்டு. வீட்டிற்கே வந்து பார்த்து, சந்தேகம் இருக்கிறது, மருத்துவரிடம் செல்லுங்கள் என்று சொல்லப்பட்டவர்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் செல்லவே இல்லை. வங்கியில் பணியாற்றிய காலத்தில் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அன்றன்று மாலையில் பணத்தை எண்ணிக் கணக்கை ஒப்பிட்டால் வித்தியாசம் சில நிமிடங்களில் அகப்படும். வித்தியாசம் இருப்பது தெரிந்தும் நாளை பார்ப்போம் என்று தள்ளிவைத்தால், ஆண்டிறுதித் தணிக்கையில் அது பேருருவம் எடுத்து நிற்கும். கண்டுபிடிப்பது பாதி வேலை. கண்டபின் நடவடிக்கை எடுப்பதே மீதி.

புதிய கருவிகள்

இன்று பல் மருத்துவ நிலையங்களில் புதிய துணைக்கருவிகள் சில வந்துள்ளன. அவற்றைப் பற்றிக் கேள்விப்படும் அன்பர்கள் எது என்ன செய்யும் என்பதை அறிந்திருப்பது நல்லது.

ஒன்று, நீலச் சாயம். டொலுயிடின் நீலம் என்னும் சாயத்தைச் சந்தேகமான இடத்தில் தடவி, நீர்த்த அமிலத்தால் கழுவுவார்கள். விரைந்து பெருகும் அணுக்கள் உள்ள இடத்தில் சாயம் தங்கும்; மற்ற இடத்தில் கழுவிப் போய்விடும். இரண்டாவது, நீல ஒளிக் கருவி. இருட்டிய அறையில் நீல ஒளியை வாயினுள் செலுத்தினால், நல்ல தோல் இளம்பச்சையாக ஒளிரும். மாறுதல் அடைந்த இடம் கறுத்துத் தெரியும். மூன்றாவது, சிறு தூரிகையால் அணுக்களைத் தேய்த்தெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. திருவனந்தபுரத்துச் சாஸ்கேன் என்னும் நிறுவனம் ஓரல்ஸ்கேன் என்ற கையடக்க ஒளிக்கருவியை நம் நாட்டிலேயே உருவாக்கியுள்ளது. பெங்களூரில் பயோகான் அறக்கட்டளை, சுகாதாரப் பணியாளர் கைபேசியில் வாயைப் படமெடுத்துத் தொலைவில் உள்ள வல்லுநருக்கு அனுப்பும் முறையைக் கிராமங்களில் நடத்திக் காட்டியது. அப்படங்களைக் கணினியே ஆராய்ந்து சந்தேகமானவற்றைப் பிரித்துச் சொல்லும் முயற்சிகளும் நடைபெறுகின்றன.

இவை யாவும் பயனுடையவை. ஆயினும் இவற்றின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். சாதாரண அழற்சியிலும் சாயம் தங்கும். சாதாரணப் புண்ணும் நீல ஒளியில் கறுத்துத் தெரியும். எந்த இடத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும், எந்த இடத்திலிருந்து துணுக்கு எடுக்க வேண்டும் என்று மருத்துவருக்கு வழிகாட்டுவதே இவற்றின் பணி. புற்றுதானா என்று இவை தீர்ப்புச் சொல்வதில்லை. மேலே சொன்ன திருவனந்தபுரம் ஆய்வில் இக்கருவிகளுள் எதுவும் இல்லை என்பதை நினைவில் கொள்க. பயிற்சி பெற்ற கண்ணும் ஒரு விளக்குமே அங்கு உயிர்களைக் காத்தன. ஆகையால் கருவி இல்லாத சிற்றூர் மருத்துவமனை என்று எண்ணிப் போகாமல் இருப்பது தவறு.

தீர்ப்புச் சொல்வது பயாப்சி ஒன்றே. சந்தேகமான இடத்தை மரத்துப்போகச் செய்து, அரிசியளவு சதைத் துணுக்கை எடுத்து, நுண்ணோக்கியில் ஆராய்வார்கள். இங்கேதான் நம்மவரில் பலர் திரும்பி ஓடிவிடுகிறார்கள். கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்ற அச்சம் ஊர்ப்புறங்களில் வேரூன்றியிருக்கிறது. முற்றிய நிலையில் மருத்துவமனைக்குச் சென்றவர் சில மாதங்களில் இறந்துவிட, கத்தி வைத்ததால்தான் இறந்தார் என்று ஊர் பேசியது; அப்பேச்சே நம்பிக்கையாகிவிட்டது. உண்மை வேறு. வாய்ப்புற்றுக்குத் துணுக்கு எடுப்பதால் நோய் பரவுவதில்லை. துணுக்கு எடுக்காமல் கடத்தும் மாதங்களில்தான் அது கழுத்துக்குப் பரவுகிறது. இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது கண்டால் சிறிய அறுவையோடு முடிந்துவிடக் கூடியது, தாமதித்தால் தாடையெலும்பையும் நாக்கையும் இழக்கும் நிலைக்கு இட்டுச் செல்லும். உயிர் தப்பினாலும் வாக்கு போய்விடும்.

விதி என்று விடலாமா?

விதிப்படி நடக்கட்டும், போகிற வயதில் பரிசோதனை எதற்கு என்று கேட்கும் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். எங்களுக்கு அருகில் உள்ள திருச்சுழி, சுந்தரர் பாடிய தலம். அங்கே 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று அவதரித்தவர் பகவான் ரமணர். உடல் வேறு, தான் வேறு என்னும் நிலையில் உறைந்தவர். அவருடைய இடது கையில் முழங்கைக்கு அருகே சிறு கட்டி தோன்றி, அது புற்று என்று அறியப்பட்டது. 1949ஆம் ஆண்டில் நான்கு முறை அறுவை மருத்துவம் நடந்தது. கையையே அகற்றுவதற்கு அவர் இசையவில்லை. ஆனால் அன்பர்களும் மருத்துவர்களும் செய்த அந்த நான்கு சிகிச்சைகளுக்கும் மறுப்பின்றி உடலை ஒப்புக்கொடுத்தார். 1950 ஏப்ரல் 14 அன்று அருணாசலத்தில் கலந்தார். ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சருக்குத் தொண்டையில் புற்று கண்டது. கல்கத்தாவின் புகழ்பெற்ற மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் அவருக்குச் சிகிச்சை அளித்தார். 1886 ஆகஸ்ட் 16 அன்று காசிப்பூர்த் தோட்டத்தில் அவர் மகாசமாதி அடைந்தார்.

இம்மகான்களுக்கே வந்த நோய் நமக்கு வந்தால் என் செய்வது என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதில் வேறொன்றைக் காண்கிறேன். நோய் வந்தது பாவத்தின் அடையாளம் அன்று என்பது ஒன்று. ஞானிகளாக இருந்தும் மருத்துவரை வாசலில் நிறுத்தி அவர்கள் திருப்பி அனுப்பவில்லை என்பது மற்றொன்று. வைத்தீசுவரன் கோயிலில் நம் இறைவன் வைத்தியநாதனாகவே அமர்ந்திருக்கிறான்; திருவரங்கத்தில் தன்வந்திரிக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. மருத்துவத்தை இறையருளின் ஒரு கூறாகக் கண்டதே நம் மரபு. புற்றைத் தொடக்கத்திலேயே காணும் வழி இன்று எளியோர்க்கும் எட்டும் தொலைவில் இருக்கிறது. கிட்டும் அருளைக் கைநீட்டிப் பெறாமல் விதியைப் பழிப்பது பக்தி ஆகாது.

எங்கே செல்வது?

மத்திய அரசின் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தின்படி, 30 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். அருகிலுள்ள அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறுவது நம் உரிமை. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்க மாதந்தோறும் செல்கிறோம். அன்று, “வாயையும் ஒருமுறை பாருங்கள்” என்று கேட்டால் போதும். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கு வரும் பணியாளரிடமும் சொல்லலாம். பல்செட் சரிசெய்யவோ பல் பிடுங்கவோ பல் மருத்துவரிடம் செல்லும்போதும் நாக்கையும் கன்னத்தையும் முழுமையாகப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளலாம்.

சந்தேகம் இருப்பின் எங்கள் பகுதியினருக்கு 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையும், பாலரெங்காபுரத்தில் அரசுப் புற்றுநோய் மையமும் உள்ளன. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை ஏழைகளின் புகலிடமாக விளங்குகிறது. தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த துயரமே அவரை அப்பணியில் ஈடுபடுத்தியது. பின்னர் டாக்டர் சாந்தா அவர்கள் 2021இல் மறையும் வரையில் அந்நிறுவனத்திற்கே தம் வாழ்வை அளித்தார். செலவை எண்ணி அஞ்ச வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையும் அதில் அடங்கும். அட்டை பெறாதவர்கள் நோய் வருமுன் பெற்றுவைப்பது நலம்.

வீட்டில் செய்யும் பரிசோதனை

மாதம் ஒருமுறை, மறவாமல் இருக்கப் பௌர்ணமி நாளையே வைத்துக்கொள்ளலாம். பல்செட் அணிந்தவர் அதனைக் கழற்றிவிட வேண்டும். வாயைக் கொப்பளித்துவிட்டு, கண்ணாடி முன் அமர்ந்து, டார்ச் விளக்கு அல்லது கைபேசி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முதலில் இரு உதடுகளையும் மடக்கி உட்புறம். அடுத்து இரு கன்னங்களின் உட்புறம். மேல் ஈறு, கீழ் ஈறு. நாக்கை நீட்டி மேற்பரப்பு, பின் அதனை ஒரு துணியால் பிடித்து இருபுறமும் இழுத்து விளிம்புகள். நாக்கை உயர்த்தி அதன் அடிப்புறம். தலையை அண்ணாந்து அண்ணம். இறுதியாகக் கழுத்தின் இருபுறமும் விரலால் தடவிக் கட்டி ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும். நடுமூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாயினுள் நுழைக்க முடிகிறதா என்றும் பார்க்கலாம்; நுழையாவிட்டால் வாய் இறுகத் தொடங்கியிருக்கலாம். இவையெல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகாது. கண்பார்வை குறைந்தவர்களுக்குப் பேரனோ பேத்தியோ விளக்குப் பிடித்துப் பார்த்துச் சொல்லட்டும். வீட்டுப் பரிசோதனை மருத்துவரின் பரிசோதனைக்கு ஈடாகாது. சந்தேகத்தை எழுப்புவதற்கு அது போதும்.

பழக்கத்தை இவ்வயதில் விட்டு என்ன பயன் என்று எண்ண வேண்டாம். எவ்வயதில் விட்டாலும் ஆபத்து படிப்படியாகக் குறையும். விட விரும்புவோருக்கு உதவ 1800112356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது. ஏகாதசிக்கும் பிரதோஷத்திற்கும் உணவையே விட்டிருக்கும் நமக்கு, அந்நாளில் புகையிலையையும் விட்டுப் பார்ப்பது இயலாததன்று. ஒரு நாள் விட முடிந்தவர்க்கு மறுநாளும் முடியும்.

கோயில் நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். விருதுநகர் பராசக்தி மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல் நடக்கும்போது சுற்று வட்டார ஊர்கள் யாவும் அங்கே கூடுகின்றன. அதுபோன்ற விழாக்களில் நீர்மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு வாய்ப் பரிசோதனைப் பந்தலும் அமைக்கலாம். நான்கு நாற்காலிகள், நான்கு விளக்குகள், அரசு மருத்துவமனையிலிருந்தோ பல் மருத்துவக் கல்லூரியிலிருந்தோ சிலர் வந்தால் போதும். அன்னதானத்திற்கு வரிசையில் நிற்பவர்களுள் எத்தனையோ பேர் வேறு எந்த நாளிலும் மருத்துவரைத் தேடிப் போகாதவர்கள். அவர்களுள் ஒருவருக்கேனும் தொடக்கத்திலேயே நோய் தெரிந்தால், அந்த விழாவின் புண்ணியத்தில் அதுவும் சேரும்.

கருவறையின் இருளில் நிற்கும் திருமேனி, அர்ச்சகர் தீபத்தை உயர்த்திக் காட்டும்போதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. திருமுகம், திருக்கரம், திருவடி என அவர் ஒவ்வொன்றாகக் காட்ட, நாம் நிதானமாகத் தரிசிக்கிறோம். அந்த நிதானத்தில் ஒரு சிறு பங்கு, நாமம் சொல்லும் நம் வாய்க்கும் கிடைக்கட்டும். வருகிற பௌர்ணமியன்று ஒரு விளக்கை எடுத்து உள்ளே பாருங்கள். ஏதேனும் ஐயம் தோன்றினால், மறுநாள் காலையிலேயே ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிடுங்கள்.